பிரித்துப் போட்ட வண்டியும் 38,000 ரூபாய் எஸ்டிமேட்டும்

கேள்வி: திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். எங்களுடையது 2016 மாடல் பெட்ரோல் கார், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏசி குளிரவில்லை, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பட்டறையில் திங்கட்கிழமை காலையில் விட்டேன். அன்று சாயங்காலமே போன். “மேடம், கம்ப்ரஸர் போச்சு, கிளட்ச்சும் முடிஞ்சுது, ரெண்டு லோயர் ஆர்மும் மாத்தணும். வண்டியைப் பிரிச்சாச்சு” என்றார்கள். எஸ்டிமேட் கேட்டதும் வாட்ஸ்அப்பில் வந்தது: ஏசி வேலை 16,500, கிளட்ச் 11,800, லோயர் ஆர்ம் 5,400, இன்ஜின் ஃப்ளஷ், ஏசி டக்ட் கிளீனிங் வகையில் 4,300, ஆக 38,000 ரூபாய். கிளட்ச்சைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெண் என்பதால் ஏமாற்றுகிறார்களா? வண்டியைத் திரும்பக் கேட்டால் கொடுப்பார்களா? கம்பெனி சர்வீஸுக்கே போயிருக்க வேண்டும் என்கிறார் கொழுந்தனார். கடைசியாக ஒன்று: பட்டறைப் பையனுக்கு டீ காசு கொடுத்தால் வேலை நன்றாக நடக்குமா?

பதில்:

முதலில் ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். இப்படி எழுதுங்கள்: “அண்ணா, எஸ்டிமேட் பார்த்தேன். நான் நேரில் வந்து பார்த்து ஓகே சொல்லும்வரை எந்தப் பார்ட்டும் மாற்ற வேண்டாம். கழற்றிய பழைய பார்ட் எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். நாளை காலை 11 மணிக்கு வருகிறேன்.” போனில் சொன்னால் போதாது. போனில் நீங்கள் சொல்லும் “ம்ம்” கூட பட்டறைச் சத்தத்தில் “சரி”யாகக் கேட்டுவிடும். எழுத்தில் இருந்தால் பின்னால் யாரும் ‘நீங்கதானே செய்யச் சொன்னீங்க’ என்று பேச முடியாது. அந்த ‘அண்ணா’வை மட்டும் விட்டுவிடாதீர்கள். சண்டைக்கு வரவில்லை, கணக்குப் பார்க்க வருகிறீர்கள் என்பதை அது சொல்லிவிடும்.

11 மணி என்று சும்மா சொல்லவில்லை. காலை ஒன்பதரை வரை புது வண்டிகள் வந்து விழும். மாலை ஐந்துக்கு மேல் டெலிவரி எடுக்க ஆட்கள் நிற்பார்கள். இடையில்தான் மெக்கானிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு உங்களோடு வண்டிக்கு அடியில் குனிய நேரம் இருக்கும்.

நான் 11 வருடம் ஒரு டீலரின் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் அட்வைசராக இருந்தவன். அதற்கப்புறம் 15 வருடமாகச் சொந்தப் பட்டறை. மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டிக்காரர்களின் பணம் அதிகமாகப் போவது யூகத்தில். என்ன கோளாறு என்று அளந்து பார்க்காமல், ‘இதுவாத்தான் இருக்கும்’ என்று ஒரு பார்ட்டை மாற்றி, அது இல்லை என்றதும் அடுத்ததை மாற்றுவது. அதற்கும் பில் உங்களுக்குத்தான்.

நானே செய்திருக்கிறேன். பட்டறை ஆரம்பித்த இரண்டாம் வருடம், ஒரு ஆசிரியரின் கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்தது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் என்று முடிவு கட்டினேன், மாற்றினேன். இரண்டு நாளில் வண்டி திரும்பி வந்தது. பேட்டரியையும் மாற்றச் சொன்னேன், மாற்றினார். ஒரு வாரத்தில் மறுபடி அதே ‘டிக்’. அப்போதுதான் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தது. உப்புத்தாள் வைத்து ஐந்து நிமிடம் தேய்த்து இறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. ஸ்டார்ட்டர் காசைத் திருப்பிக் கொடுத்தேன். பேட்டரி காசை அவர் வாங்கவில்லை, “பழசாத்தான் இருந்துச்சு, விடுங்க” என்றார். அவரை நான் ஏமாற்ற நினைக்கவே இல்லை. ஆனால் அவர் பையிலிருந்து போன பணத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

அதனால் நாளைக்குப் பட்டறையில் ‘இந்த ஆள் நல்லவனா, திருடனா’ என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். எஸ்டிமேட்டில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: “எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீங்க? எனக்கும் காட்டுங்க.” நன்றாக வேலை தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். பலர் சந்தோஷமாகவே காட்டுவார்கள், தன் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் வருவது பட்டறையில் அபூர்வம். “உங்களுக்கு அதெல்லாம் புரியாது மேடம்” என்று பதில் வந்தால், அந்த வரிக்கு மேல் பேச வேண்டாம், வேலையும் வேண்டாம்.

இப்போது ஒவ்வொன்றாக வருகிறேன். ஏசியில்தான் பெரிய தொகை இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கம்ப்ரஸர் ஓடவில்லை என்பது வேறு, கம்ப்ரஸர் போய்விட்டது என்பது வேறு. உங்கள் வண்டி மாதிரியானவற்றில் ஏசி பட்டனைத் தட்டியதும் பானெட்டுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். கம்ப்ரஸரின் முன்னால் இருக்கும் காந்த கிளட்ச் ஒட்டிக்கொள்ளும் சத்தம் அது. அது வராமல் போக ஃபியூஸ், ரிலே, வயரிங் என்று பல காரணம் இருக்கலாம். அடிக்கடி நடப்பது இன்னொன்று: உள்ளே கேஸ் குறைந்துவிட்டால், கம்ப்ரஸர் கெட்டுப்போகாமல் இருக்க பிரஷர் சுவிட்ச் அதை ஓடவே விடாது. அதாவது காப்பாற்றுவதற்காக நிறுத்தி வைத்திருக்கிறது. அவசரக்காரர் அதைப் பார்த்துவிட்டு ‘ஓடல, போச்சு’ என்று எழுதிவிடுவார்.

உண்மையிலேயே போயிருந்தால் காட்டுவது சுலபம். ஏசி மெக்கானிக்கிடம் நீலம், சிவப்பு என்று இரண்டு மீட்டர் கொண்ட கேஜ் இருக்கும். தேவையான அளவு கேஸ் இருந்து, கம்ப்ரஸர் சுற்றிக்கொண்டும் இருக்கும்போது, நீல முள் இறங்க வேண்டும், சிவப்பு முள் ஏற வேண்டும். சுற்றியும் இரண்டு முள்ளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றால் கம்ப்ரஸர் அழுத்தம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அதை உங்கள் கண் முன்னால் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், முள்ளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களுக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரிய வேண்டாம். இன்னொரு ஏசி மெக்கானிக்குக் காட்டினால் அவர் சொல்லிவிடுவார்.

‘கேஸ் காலி’ என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி ‘எங்கே லீக்?’ என்பதுதான். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற சரக்கு இல்லை. ஆர்-134ஏ என்ற அந்த வாயு மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. பல வருடத்தில் ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கசியும், அது இயல்பு. ஆனால் போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லை என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையைப் பார்க்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக் கருப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். ஜாயின்ட்களில் அந்தக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்து நீங்களே பார்க்கலாம். எத்தனை கிராம் கேஸ் போட வேண்டும் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும். எடை போட்டு நிரப்புகிறாரா, கை மதிப்பில் நிரப்புகிறாரா என்று அதை வைத்துக் கேட்கலாம்.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். கம்ப்ரஸர் உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தால், 16,500 ரூபாய் எஸ்டிமேட் குறைவாக இருக்கக்கூடும். உள்ளே தேய்ந்த உலோகத் துகள் குழாய் முழுக்கப் பரவியிருக்கும். லைனைச் சுத்தம் செய்து, ரிசீவர் டிரையரையும் (ஈரத்தை உறிஞ்சும் சின்ன டப்பா) புதிதாகப் போட்டு, தேவைப்பட்டால் கண்டென்சரையும் (கேஸின் சூட்டை வெளியேற்றும் முன்பக்கக் காயில்) மாற்றினால்தான் புது கம்ப்ரஸர் பிழைக்கும். வெறும் கம்ப்ரஸரை மட்டும் மாட்டிக் கொடுத்தால் அதே துகள் புதுசையும் தின்றுவிடும். “டிரையரும் ஃப்ளஷிங்கும் இதுல சேர்ந்திருக்கா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லும் விதத்திலேயே ஆளை ஓரளவு எடை போட்டுவிடலாம். மாட்டப்போவது புதுசா, ரீகண்டிஷன் செய்ததா என்பதையும் எழுதி வாங்குங்கள். ரீகண்டிஷன் பொருள் தப்பில்லை, புதுசு விலைக்கு அதை விற்பதுதான் தப்பு.

உங்கள் கடிதத்தில் ‘ஏசி குளிரவில்லை’ என்று மட்டும் இருக்கிறது. பட்டறையிலும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் எப்போது குளிரவில்லை? சிக்னலில் நிற்கும்போது சூடாகி, ஓடும்போது குளிர்ந்தால் முன்னால் இருக்கும் ஃபேனைச் சந்தேகப்பட வேண்டும். காற்று சில்லென்று வருகிறது, ஆனால் குறைவாக வருகிறது என்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பல வண்டிகளில் டேஷ்போர்டு டிராயரைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும், சில நூறு ரூபாய்ப் பொருள். முதல் அரை மணி நேரம் நன்றாக இருந்து அப்புறம் காற்றே வராமல் போனால், உள்ளே கூலிங் காயில் ஐஸ் கட்டுகிறது. இந்த மூன்றுக்கும் கம்ப்ரஸர் மாற்ற வேண்டியதில்லை. நாளைக்குப் போகும்போது எப்போது, எவ்வளவு நேரத்தில், எந்த வேகத்தில் என்று யோசித்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். நோயாளி ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் டாக்டரும் எல்லா டெஸ்ட்டையும்தான் எழுதுவார்.

அடுத்து கிளட்ச். நீங்கள் சொல்லாததை அவர் கண்டுபிடித்தது உங்களுக்கு உறுத்துகிறது, நியாயம்தான். ஆனால் முன்பக்கச் சத்தத்தைக் கேட்க ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருப்பார், அப்போது கிளட்ச் ஸ்லிப் ஆவது தெரிந்திருக்கலாம். தினமும் ஓட்டுகிறவருக்கு அது மெதுவாகப் பழகிப்போகும், புதிதாக உட்கார்ந்தவருக்கு உடனே தெரியும். இதில் கேட்க வேண்டியது: “கியர்பாக்ஸ் இறக்கியாச்சா?” கிளட்ச் பிளேட்டை கியர்பாக்ஸ் இறக்காமல் முழுசாகப் பார்க்க முடியாது. இறக்கவில்லை என்றால் அவர் சொன்னது ஓட்டிப் பார்த்த அனுமானம், அதை நீங்களும் செய்து பார்க்கலாம். காலியான சமதள ரோட்டில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலேட்டரை நன்றாக மிதியுங்கள். இன்ஜின் மட்டும் ‘ஊ’ என்று கத்தி ஆர்.பி.எம். முள் எகிறி, வண்டி அதற்கேற்ப நகராவிட்டால் கிளட்ச் பிடிக்கவில்லை. இன்ஜினும் வண்டியும் சேர்ந்தே வேகம் எடுத்தால் அதை இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். 62,000 கிலோமீட்டரில் கிளட்ச் முடிவது நடக்காத விஷயம் இல்லை. டவுனுக்குள்ளேயே ஓடி, ஓட்டும்போது இடது காலை கிளட்ச் பெடல் மேலேயே வைத்திருக்கும் பழக்கமும் இருந்தால் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். (உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டா? கேட்டுவைக்கிறேன்.)

ஏற்கெனவே இறக்கிவிட்டார்கள் என்றால், கேட்காமல் இறக்கியது அவர்கள் தப்பு, இறக்கிய கூலியைக் கேட்க அவர்களுக்கு வாய் இல்லை. அதை அழுத்தமாகச் சொல்லுங்கள். ஆனால் பிளேட்டையும் வாங்கிப் பாருங்கள். தேயும் லைனிங் பரப்பில் சின்னச் சின்ன ரிவெட் தலைகள் குழிக்குள் இருக்கும். லைனிங் தேய்ந்து ரிவெட் தலை மட்டத்துக்கு வந்துவிட்டால் பிளேட் முடிந்தது. அப்படி இருந்தால் கோபத்தில் அதையே மறுபடி மாட்டச் சொல்லாதீர்கள். ஆறு மாதத்தில் திரும்ப இறக்கி ஏற்றும் கூலி உங்கள் தலையில்தான் விழும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றச் சொல்வதும் ஏமாற்று இல்லை, மூன்றுக்கும் இறக்கும் வேலை ஒன்றுதான்.

ஸ்பீடு பிரேக்கர் சத்தத்துக்கு வருவோம். லோயர் ஆர்ம் என்பது முன்சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை. இரண்டும் ஒரே நாளில் போயிருக்கலாம், ஆனால் அந்த ‘டக் டக்’ பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடில்தான் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் சின்ன ராடு) ஆரம்பிக்கும். அது லோயர் ஆர்மை விட ரொம்ப மலிவு. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கச் சொல்லி, டயரின் உச்சியிலும் அடியிலும் இரண்டு கையால் பிடித்து நீங்களே ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் பால் ஜாயின்ட்டோ (ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) வீல் பேரிங்கோ தளர்ந்திருக்கிறது. அப்புறம் மெக்கானிக்கை லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் கம்பியை விட்டு நெம்பச் சொல்லுங்கள். ரப்பர் கிழிந்து வாய் பிளந்து நின்றால் வாதமே இல்லை, மாற்றுங்கள். ரப்பர் முழுசாக இருந்தால் லிங்க் ராடை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்ம் மாற்றினால் வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும், எஸ்டிமேட்டில் அது இல்லை.

கடைசி வரியில் இருக்கும் 4,300 ரூபாயை அடித்துவிடுங்கள். இன்ஜின் ஃப்ளஷ், டக்ட் கிளீனிங் மாதிரியானவை உங்கள் வண்டிக்கு இப்போது தேவை என்று எதையும் காட்ட முடியாது. உங்கள் ஓனர்ஸ் மேனுவலில் சர்வீஸ் அட்டவணை இருக்கும், அதில் இந்தப் பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். நான் அட்வைசராக இருந்த இடத்தில் மாதத்துக்கு இத்தனை ‘ட்ரீட்மென்ட்’ விற்க வேண்டும் என்று டார்கெட் இருந்தது. மாதக் கடைசியில் வந்த வண்டிக்கெல்லாம் திடீரென்று டக்டில் கிருமி இருக்கும்! இதுதான் கொழுந்தனாருக்கும் பதில். கம்பெனி சர்வீஸில் ஜாப் கார்டு, கம்ப்யூட்டர் பில், பார்ட் நம்பர் எல்லாம் ஒழுங்காக இருக்கும், அது நிஜமான லாபம். வாரன்டி உள்ள புது வண்டி என்றால் நானே அங்கே போகச் சொல்வேன். (வெளியே ஒரு முறை வேலை பார்த்தாலே வாரன்டி மொத்தமும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவிலேயே சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை.) 2016 மாடலுக்கு அந்தக் கவலை இல்லை. புஷ் மட்டும் மாற்றினால் போதும் என்ற இடத்தில் ஆர்மையே மாற்றுவதும், ஒரு சின்ன மோட்டாருக்காக முழு அசெம்பிளியைப் போடுவதும் அங்கேதான் அதிகம். நல்ல வெளிப்பட்டறைக்காரர் பிரித்துச் சரி செய்வார். மோசமான வெளிப்பட்டறைக்காரர் பிரித்துவிட்டு விழிப்பார்.

பெண் என்பதாலா என்று கேட்டிருந்தீர்கள். நடக்கிறது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் அதிகமாக ஏமாந்தவர்கள், எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டும் ஆண்கள். “ரேக் எண்ட்ல பிளே இருக்கு சார்” என்றால் “ஆமாமா, நானும் நெனச்சேன்” என்பார்கள். அதற்கப்புறம் எதையும் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்குத் தெரியாது என்று தயங்காமல் சொல்ல முடிவது நாளைக்கு உங்கள் பக்கம் இருக்கும் வசதி. ‘எனக்குத் தெரியாது, காட்டுங்க’ என்றால் காட்டித்தானே ஆக வேண்டும்? துணைக்கு யாராவது வந்தால் நல்லது. ஆனால் பட்டறையில் கத்தும் சொந்தக்காரர் வேண்டாம், சும்மா நின்று கேட்கிறவராக இருக்கட்டும்.

வண்டியைத் திரும்பக் கேட்டால் கொடுப்பார்களா? கொடுத்துத்தான் ஆக வேண்டும், நீங்கள் சொல்லி அவர்கள் செய்த வேலைக்கான கூலியைக் கொடுத்துவிட்டால். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 170-வது பிரிவு, தன் உழைப்பையும் திறமையையும் போட்டு வேலை செய்த பொருளைக் கூலி வரும்வரை வைத்துக்கொள்ளும் உரிமையை வேலைக்காரருக்குத் தருகிறது. அதனால் ‘காசே தர மாட்டேன், வண்டியை விடு’ என்று நிற்பது சரிப்படாது. ஆனால் அந்த உரிமை செய்த வேலைக்குத்தான், செய்யப்போவதாக எழுதிய 38,000-க்கு இல்லை. ஏசியையும் சத்தத்தையும் பார்க்கச் சொன்னது நீங்கள், அதற்குப் பார்த்த கூலி, கழற்றி மாட்டிய கூலி எவ்வளவு என்று கேட்டு, பேசி, கொடுத்துவிட்டு, பிரித்ததை மாட்டச் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். தொகை அநியாயம் என்று தோன்றியும் வண்டி உடனே வேண்டுமென்றால், யு.பி.ஐ.யில் கட்டுங்கள், பில்லின் நகலில் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று தேதி போட்டு எழுதி, அதைப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். வண்டி கைக்கு வரும், வழக்கும் கையில் இருக்கும்.

வழக்கு என்றதும் பயப்பட வேண்டாம், அந்த அளவுக்குப் போகாது என்றுதான் நினைக்கிறேன். போனால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. அங்கே கேட்கப்போகும் முதல் காகிதம் பில். பில் தர மறுப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே ‘பில் இல்லாம போட்டா ஜிஎஸ்டி மிச்சம் மேடம்’ என்ற சலுகைக்கு மயங்காதீர்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னப் பட்டறைகள் உண்டு, அது குற்றம் இல்லை. ஆனால் பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது, சாதாரண பில் தரலாம். பதிவு உள்ளவர் என்றால் பதிவு எண் பில்லில் இருக்க வேண்டும். கூலிக்கு 18 சதவீதம். உதிரி பாகங்களில் பலவற்றுக்கு 28 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18. பார்ட் வந்த டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். அதில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்தது. டப்பா விலையைப் போட்டு அதன் மேல் மறுபடி 18 சதவீதம் போட்டிருந்தால் அங்கேயே விரலை வைத்துக் காட்டுங்கள்.

பழைய பார்ட் உங்களுடையது. வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கம்ப்ரஸர், ஸ்டார்ட்டர் மாதிரியானவற்றில் பழசைக் கொடுத்தால் விலை குறையும் ஏற்பாடு உண்டு. அப்படியென்றால் அதை முன்னாலேயே சொல்லி, எவ்வளவு கழித்தார்கள் என்பதையும் எழுதித் தரட்டும்.

வண்டியில் இருக்கும் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொள்வார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். கேள்விப்படும் அளவுக்கு நடப்பதில்லை. எதற்கும் அடுத்த முறை விடும்போது மீட்டர், பெட்ரோல் முள், பேட்டரி மேல் இருக்கும் சீரியல் நம்பர், டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். அந்த இலக்கம் 3522 என்றால் 2022-ஆம் வருடம் 35-வது வாரத்தில் செய்த டயர். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றிக்கொள்ளுங்கள். வண்டியை விடும் அன்றே, ‘2,000 ரூபாய்க்கு மேல் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்’ என்று ஒரு மெசேஜும் போட்டுவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் சாயங்காலப் போன் வேறு மாதிரி வந்திருக்கும்.

எல்லாம் பார்த்த பிறகும் மனது ஒப்பவில்லை என்றால் பாதியை மட்டும் செய்யச் சொல்லலாம். என்னைக் கேட்டால் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் அது முதலில், அது உயிர் விஷயம். கிளட்ச் ஸ்லிப் நிஜமென்றால் அடுத்தது. ஏசி கடைசி. சத்திரத்துக்கும் தில்லைநகருக்கும் இன்னும் பத்து நாள் ஜன்னலைத் திறந்துகொண்டு போய்வந்தால் ஒன்றும் ஆகாது. அதற்குள் ஏசி மட்டும் பார்க்கிற கடை ஒன்றில் கேஜ் மாட்டி இரண்டாவது கருத்துக் கேட்டுவிடலாம்.

டீ காசு. வேலைக்கு முன்னால் கொடுக்காதீர்கள், அது பையனுக்கும் சங்கடம், ஓனர் பார்த்தால் அவனுக்குத் திட்டு. முடிந்த பிறகு கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். நாளைக்கு அவனிடம் வேறொன்று கேட்கலாம். ஓனர் போன் பேசப் போகும் நேரத்தில், “தம்பி, சத்தம் எந்தப் பக்கம் வந்துச்சு?” என்று கேளுங்கள். வண்டிக்கு அடியில் படுத்துக் கம்பியை விட்டு ஆட்டியவன் அவன்தான். “லெஃப்ட் சைடுக்கா, லிங்க் ராடு” என்று அவன் பட்டென்று சொல்லிவிட்டால், 5,400 ரூபாய்க்கு இரண்டு ஆர்ம் எதற்கு என்று ஓனரிடம் நிதானமாகப் பேசலாம். பையன் பேரை மட்டும் இழுக்காதீர்கள்.